பொதுப்பொருளும் வினைப்பயனும்

உயிர்கள் உடம்பொடு கூடி வாழ்தற்கு இன்றியமையாத நீரும் நிலனும் காற்றும் உணவும் எல்லார்க்கும் ஒப்ப உரியனவோ, அன்றி வலியுடையார்க்கும் பொருளுடையார்க்கும் மிகுதியாகவும் ஏனையோர்க்குக் குறைவாகவும் உரியனவோ என்னும் வினாவை இற்றை நாளில் அரசியலார் எழுப்புகின்றனர், பொருணூலார் எழுப்புகின்றனர், நீதிமன்றத்தாரும் ஆராய்கின்றனர். இவ்வினா சைவ சித்தாந்திகளாகிய நம்மைச் சாராதென்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. என்னை? இதற்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் விடைகளுள் ஒன்று நம் சாத்திரத்தின் பெயராலேயே வழங்குகின்றது. அவனவன் செய்த வினையை அவனவன் நுகர்கின்றான். தாகத்தால் வாடுவான் வாடுதற்குரிய வினையுடையான். அதனை மாற்ற நாம் யார் என்பதே அவ்விடை. இது சித்தாந்தமாயின், சைவம் ஈரமற்ற சமயம் என்னும் பழியை நாம் ஏற்றே தீர்தல் வேண்டும். சித்தாந்தம் அன்றாயின், அதனை அப்பெயரால் வழங்கவிட்டு வாளா இருத்தல் நம் சாத்திரத்திற்கு இழுக்காம். ஆதலின் இதனை ஆராயப் புகுந்தாம்.

எல்லாப் பொருளையும் ஒருங்கே ஆராயப் புகின் கட்டுரை எல்லையின்றி விரியும். ஆகவே, நீர் ஒன்றனையே எடுத்துக்கொண்டு, அந்நீரால் வாழும் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத் தீவையும் இடமாகக் கொண்டு ஆராய்வாம். நீருக்குக் கூறுவன ஏனைய பொதுப்பொருள்கட்கும் ஏற்ற பெற்றி ஒக்கும்.

ஆறு இரண்டாகும் இடம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில், முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபாற் செல்வது கொள்ளிடம். தென்பாற் செல்வது காவிரி. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்த தீவாகும். கீழ்க்கோடியில், கரிகாற் சோழன் கட்டியதென்று வழிவழி கூறப்படும் கல்லணை நிற்கின்றது.

முக்கொம்பில் மேலணை எழுந்த காரணம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவதாகும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது; காவிரியின் படுகை மணல் மேடிட்டு உயர்ந்தது. நீரோ தாழ்ந்த வழியையே நாடும் இயல்பினது. ஆகவே ஆண்டுதோறும் ஆற்றுநீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே கடலிற் சென்று வீழ, காவிரியை நம்பிய தஞ்சை நாட்டு வயல்கள் வறண்டன. இதனைக் கண்ட ஆர்தர் காட்டன் என்னும் பொறியியலார் 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டுவிக்கத் தொடங்கினார். அணை எழுந்தபின், தாழ்ந்த வழியே ஓடிய நீர் தடையுண்டு நிமிர்ந்து, காவிரிக்கும் தன் பங்கைத் தந்தது.

செல்வமும் இத்தகையதே. அது தானே ஓடவிட்டால் ஆழமுள்ள இடத்தையே நாடிச் செல்லும். மேட்டில் உள்ளாரை மறக்கும். அதனை இடையில் நிறுத்திப் பங்கிடும் அணையே அறம் எனப்படுவது. நீர் தாழ்ந்த வழியே ஓடுதல் இயற்கையாதலின் அணை கட்டுதல் தகாது என்று ஒருவரும் கூறிற்றிலர். அங்ஙனமாக, செல்வம் செல்வரிடமே சென்று சேர்தல் வினையின் இயற்கை, அதனைத் தடுத்தல் தகாது என்று மட்டும் கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

நீரை உடையவர் யாவர்?

முதற்கண், நீர் யாருடையது என்பதனைத் தெளிதல் வேண்டும். சித்தாந்தத்திற் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி. உலகிற்கு முதற்காரணம் மாயை. நிமித்த காரணன் இறைவன். தனு கரண புவன போகங்களை மாயையினின்று தோற்றுவித்து உயிர்கட்குக் கூட்டுவோன் அவனே. உயிரோ அவற்றை ஆக்கிற்றுமில்லை. ஆக்கும் ஆற்றல் அதற்கு இல்லையுமாம். அன்றியும், இறைவன் உடையான், உயிர் அவனுக்கு அடிமை என்பது நம் கொள்கை. தானே பிறனொருவனுக்கு உடைமையாய் உள்ள ஒன்று, வேறொரு பொருளுக்கு முழு உடையானாதல் யாங்ஙனம்? அது பயன்கொள்ளும் உரிமையை மட்டுமே உடையது. கோயில் நிலத்தைப் பயிரிடும் குடியானவன் விளைவைப் பெறுவானன்றி, அந்நிலத்தைத் தன்னதென்று விற்றல் கூடாமைபோலக் கொள்க.

இனி, நீரைப் பற்றி இதனினும் சிறந்ததொரு செய்தி உண்டு. ஐம்பூதமும் ஞாயிறும் திங்களும் ஆன்மாவும் இறைவனுக்கு வடிவம் எனச் சைவ நூல்கள் கூறும். அவற்றுள் அப்பு வடிவாக அவன் எழுந்தருளிய தலம் திருவானைக்கா. அம்மை நீரைத் திரட்டி இலிங்கமாக்கி வழிபட்டனள் என்பது தலவரலாறு. அக்கருவறையில் இன்றும் நீர் ஊறுதலை அன்பர்கள் கண்டு வணங்குகின்றனர். அம்மையின் திருப்பெயரோ அகிலாண்டேசுவரி. அஃதாவது அண்டங்கள் அனைத்திற்கும் தலைவி என்பது. ஒரு குலத்திற்கோ ஓர் ஊருக்கோ தலைவியென்னாது அகிலாண்டத்திற்கும் தலைவியென்று அவளை வாழ்த்திவிட்டு, அவள் கையால் திரட்டிய நீரை ஒரு சிலர்க்கே உரித்தென்று வேலியிடுதல் வாழ்த்தும் செயலும் முரணுதலாம். சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழியைக் கோயிற் பொருளுக்கு மட்டுமே கூறி அமைகின்றோம். சிவனது திருமேனியாகிய நீரே அவன் சொத்துக்களுள் முதலாவது என்பதை நினைவாரில்லை.

தனியுடைமையே கூடாதென்று சைவம் கூறுகின்றதோ எனின், கூறவில்லை. காவிரியில் நீராடிய சோழ மன்னன் ஒருவனது ஆரம் ஆற்றில் வீழ்ந்ததென்றும், அவன் ஆனைக்காவிற் பெருமானையே ஏற்றருள வேண்டினானென்றும், அவ்வாரம் திருமஞ்சனக் குடத்துட் புகுந்து இறைவன் திருமுடிமேற் சேர்ந்ததென்றும் வரலாறு கூறும். ஆரம் மன்னனுடையது, அதனை அவன் இறைவற்கு ஈந்தான். ஆயின் அவ்வாரத்தைச் சுமந்து சென்ற நீர் மன்னனுடையது அன்று. குடத்தில் முகந்தவனுடையதும் அன்று. மன்னனும் அதில் நீராடினான்; மற்றையோரும் நீராடினர். ஆரம் போன்றது ஒன்று, ஆறு போன்றது ஒன்று எனப் பொருள் இருவகைப்படும் என்பதனை இவ்வரலாற்றால் அறியலாம்.

கூலியும் சோறும்

அவ்விருவகையையும் வேறு பிரித்து உணர்தற்கு நம் திருமுறை வரலாறுகளே துணைநிற்கின்றன. திருவானைக்காவின் புறமதிலுக்குத் திருநீற்றான் திருமதில் என்று பெயர். அம்மதில் கட்டிய பணியாளர்க்கு இறைவன் சித்தர் வடிவில் வந்து திருநீற்றையே கூலியாக அளித்தனன் என்றும், அந்நீறு அவரவர் செய்த வேலையின் அளவிற்கு ஏற்பப் பொன்னாயிற்று என்றும் கூறுப. உழைத்தவனுக்கு மிகுதியும் சோம்பியவனுக்குக் குறைவும் கிடைத்தன. இறைவனே அளப்பினும் கூலியில் வேற்றுமை உண்டு என்பது இதனாற் பெறப்பட்டது.

திருவீழிமிழலையிலும் இதனையே காண்கின்றோம். பஞ்சம் வந்துற்ற காலத்துத் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் இறைவன் படிக்காசு அளித்தான். கைத்தொண்டு செய்த அரசருக்கு வாசியில்லாக் காசும், பிள்ளையாருக்கு வாசியுள்ள காசும் வாய்த்தன. காசில் வேற்றுமை இருந்தது. ஆயின் அக்காசு கொண்டு இருவர் திருமடத்தினும் நிகழ்ந்தது யாது? வந்த அடியார்க்கெல்லாம் அமுதளித்தலே நிகழ்ந்தது. இவர் உழைத்தவர், இவர் உழையாதவர் என்று இலையில் சோற்றை அளந்து குறைத்தார் எவருமிலர்.

இவ்விரு வரலாறும் கூட்டி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கூலி உழைப்பின் அளவிற்று. சோறும் நீரும் பசியின் அளவிற்று, தாகத்தின் அளவிற்று. முன்னதில் வேற்றுமை நீதி. பின்னதில் வேற்றுமை அநீதி. ஒத்த உரிமை என்பதற்கு எல்லாரும் ஒரே அளவு பொன் உடையராதல் பொருளன்று. பொன்னில் வேற்றுமை தொடங்குதற்கு முன்னரே, உயிர் நிற்றற்கு வேண்டுவன எல்லார்க்கும் கிடைத்திருத்தல் வேண்டும் என்பதே பொருள்.

தடையும் விடையும்

இனி முற்கூறிய தடையை அதன் முழு வலியோடும் எடுத்துக்கொள்வாம். சாத்திரம் வல்லார் ஒருவர் இவ்வாறு வினவலாம்: "தனு கரண புவன போகம் நான்கும் உயிர்கட்கு அவ்வவற்றின் வினைக்கு ஈடாகவே கூட்டப்படுகின்றன. பிராரத்தம் நுகர்ந்தே கழிதல் வேண்டும். அது தெய்வத்தாலும், தன்னாலும், பிற உயிர்களாலும் வந்து நுகரப்படும். ஆகவே, ஒருவன் நீர் மறுக்கப்பட்டு வருந்தினான் எனின், மறுத்தவன் அவனது பிராரத்தத்திற்குக் கருவியானானன்றி வேறில்லை. கருவியைக் குறைகூறல் யாங்ஙனம்?"

இதற்கு விடை மூன்று.

ஒன்று: திருடனும் பொருளிழந்தவனது பிராரத்தத்திற்குக் கருவியே. எனினும் திருடனை விட்டுவிடுக என்று கூறும் சைவர் ஒருவரும் இலர். அரசன் அவனை ஒறுத்தல் அறம் என்றே யாவரும் கொள்வர். பொருளிழந்தவன் வினை வேறு; திருடனது ஆகாமியம் வேறு. கருவியாதல் ஒருவனைப் பழியினின்று நீக்குமாயின் தீவினை என்பதொன்றே உலகில் இல்லையாய் முடியும். கன்ம நூல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

இரண்டு: வாடி வந்தவனது பிராரத்தம் வாடுதலோடு முடிந்ததோ, இனி ஒரு குவளை நீர் பெற்று மகிழ்தலும் அதன் பகுதியோ என்பதை நாம் அறியோம். அறிந்தவன் இறைவன் ஒருவனே. அவனது கணக்கேட்டை நாம் படித்தவர்போல் நடித்து, உனக்கு நீர் எழுதப்படவில்லை என்று கூறுதல் அவன் ஐந்தொழிலில் நாம் கைவைத்தலாகும். இது பணிவன்று; ஆணவத்தின் செயலே. பிறன் வினை நமக்குத் தெரியாது. நம் கடன் நமக்குத் தெரியும். தெரியாத ஒன்றைக் காட்டித் தெரிந்த ஒன்றைக் கைவிடுதல் அறிவுடைமை ஆகாது.

மூன்று: சிவஞான சித்தியார் நல்வினை தீவினைகளை இதம் அகிதம் என வகுத்து, உயிர்கட்கு உறுதி செய்தலை இதமென்றும் அது செய்யாமையை அகிதமென்றும் கூறுகின்றது. ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது, தீமை செய்தலேயன்றி நன்மை செய்யாதொழிதலும் அகிதமாதலே. ஆகவே கிணற்றைப் பூட்டியவன் மட்டுமன்றி, பூட்டப்பட்ட கிணற்றைக் கண்டும் வாய்வாளா நின்றவனும் தன் பங்கிற்கு வினை ஈட்டினவனாகின்றான். கன்மக் கொள்கை இரக்கமின்மைக்கு அரணாகும் என்று கருதினார் கருத்து இதனால் முற்றும் மறுக்கப்பட்டது. கன்மத்தை உண்மையாக நம்புவோனே பிறர் தாகத்தைக் கண்டு பெரிதும் அஞ்சுவான்.

இதற்குத் திருச்சிராப்பள்ளி மலையே சான்று பகரும். மகப்பேற்றுக் காலத்திற் செட்டிப்பெண் ஒருத்தி துணையின்றித் துயருற்றாள். அவள் தாய் வரும் வழியைக் காவிரி வெள்ளம் மறித்தது. அவள் வினை அது என்று இறைவன் வாளா இருந்தானில்லை. தாயின் வடிவிலேயே சென்று மருத்துவம் செய்து தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். வினைகளைக் கணக்கிட்டு ஊட்டும் அவனே வினையைக் காரணங் காட்டாது உதவினான் எனின், கணக்கறியாத நாம் அதனைக் காரணங் காட்டுதல் எத்துணைப் பேதைமை!

நீர் வழங்கினாரும் நீர் மறுத்தாரும்

அந்தணராகிய அப்பூதியடிகள் திங்களூரில் வழிச்செல்வோர்க்குத் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். அதற்குத் தம் பெயரை இட்டாரில்லை. தாம் கண்டிராதவரும் வேளாண் குலத்தவருமாகிய திருநாவுக்கரசரின் பெயரையே இட்டார். பந்தரில் வந்து நீர் அருந்துவோரை நீவிர் யார் என்று வினவியதாகச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. வெயிலில் வந்தவன் என்பதே அங்கு உரிமைக்குப் போதிய சான்று. தண்டியடிகள் கண்ணிலராயினும் கயிற்றைத் தடவித் திருவாரூர்க் குளத்தைத் தோண்டினார். திருநாளைப்போவார் திருப்புன்கூரிற் குளம் தோண்டினார். தீண்டத்தகாதவர் என்று உலகத்தாரால் ஒதுக்கப்பட்ட ஒருவர் கையால் அகழ்ந்த நீரே சிவனுடைய திருக்குளமாயிற்று.

இவ்வரலாறுகளைப் போற்றிப் படித்த நாட்டிலேதான், ஊர்க்கிணற்றில் ஒரு சாரார் குடம் வைத்தலாகாது என்னும் கொடுமையும் நெடுங்காலம் நிகழ்ந்தது. மராட்டிய நாட்டு மகாடு என்னும் ஊரில் சவதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிடுவதாக நகராண்மைக் கழகம் முன்னரே தீர்மானித்திருந்தும், அது செயலில் வரவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களொடு சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். பின்னர் ஒரு சாரார் அக்குளத்திற்குத் தீட்டுக்கழிப்புச் செய்தனர். வழக்கு நடந்து, 1937-ஆம் ஆண்டிலே பம்பாய் உயர்நீதிமன்றம் ஒடுக்கப்பட்டார் பக்கமே தீர்ப்பளித்தது. விலங்குகள் நீர் அருந்திய குளம் மனிதன் அருந்தியதனால் தீட்டாயிற்று என்பது எந்நூலின் துணிபு? அட்டமூர்த்தத்துள் ஒன்றாகிய அப்புவை ஒருவன் கை தீட்டாக்கும் என்பது இறைவனினும் அக்கையை வலிதென்று கூறுதலன்றோ? 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 15-ஆம் உறுப்பு, பொதுக் கிணறு, குளம், படித்துறை முதலியவற்றைப் பயன்கொள்ளுதலிற் சாதி சமயம் முதலியன காட்டி ஒருவரையும் விலக்கலாகாது என விதித்தது. அப்பூதியடிகளின் பந்தர் செயலாற் கூறியதனைச் சட்டம் எழுத்தாற் கூறுதற்கு அத்துணைக் காலம் சென்றது.

ஆடிப்பெருக்கு நாளில் திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நிற்பார்க்கு இவ்வுரிமையின் உண்மை வடிவம் புலப்படும். சைவரும் வைணவரும், ஏழையரும் செல்வரும் அடுத்தடுத்து நின்று ஒரே நீரில் மூழ்குகின்றனர். ஆறு ஒருவனுக்கு ஆழமாகவும் ஒருவனுக்கு ஆழமின்றியும் ஓடுவதில்லை.

இற்றை நாள் வழக்குகள்

சாதி பற்றிய தடை சட்டத்தால் விலக்கப்பட்ட பின்னரும் வேறு வகைத் தடைகள் எழுந்துள்ளன. அவற்றுள் முதலாவது பணவலி. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தின் கீழ் ஊறும் நீரைத் திரட்டிப் பயன்கொள்ள நிலத்துக்குரியவனுக்கு உரிமை அளித்தது. அது கவலை ஏற்றமும் கமலையும் வழங்கிய காலத்துக் கருத்து. அவற்றால் ஒருவன் இறைக்கும் நீருக்கு ஓர் அளவு இருந்தது. ஆழ்குழாயும் மின்சார மோட்டாரும் வந்தபின், ஆழமாகத் துளைக்கப் பொருளுடையவன் அடுத்தவன் கிணற்றையும் வற்றச் செய்தல் கூடும். நிலத்தின் மேல் வேலியிடலாம். நிலத்தின் கீழ் ஓடும் ஊற்றுக்கு வேலியில்லை. ஆகவே தன் நிலத்து நீர் என்னும் சொல் மேலெழுந்தவாரியாக உண்மைபோல் தோன்றி, உள்ளே பொய்யாய் முடிகின்றது.

இதனை நீதிமன்றங்களும் உணரத் தலைப்பட்டுள்ளன. ஆறு, காடு முதலிய இயற்கைப் பொருள்கட்கு அரசு உடையானன்று, மக்கள் பொருட்டு அவற்றைக் காக்கும் பொறுப்பாளனே என்னும் கோட்பாட்டை 1996-ஆம் ஆண்டிற் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டது. 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை, தூய குடிநீரும் கழிவகற்றும் வசதியும் மக்கள் அனைவர்க்கும் உரிய உரிமை என்று தீர்மானித்தது. அரசும் உடையானன்று என்பது நமக்குப் புதிய செய்தியன்று. உடையான் ஒருவன் உளன் என்பதனையும் உடன் கூறுதலே நம் கோட்பாட்டின் சிறப்பு.

இரண்டாவது தடை நாட்டெல்லை. காவிரி நீர் பற்றி 1892, 1924-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் உடன்படிக்கை செய்தன. வழக்கு மீண்டும் எழ, 1990-ஆம் ஆண்டில் நடுவர் மன்றம் அமைந்து, 2007-ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. 2018-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைச் சிறிது திருத்தி, தமிழ்நாட்டிற்கு 404.25 டி.எம்.சி., கருநாடகத்திற்கு 284.75, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என வரையறுத்தது, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மாநிலங்களைக் கடந்து ஓடும் ஆறு நாட்டின் பொதுச் சொத்து, அதனை எம்மாநிலமும் தனக்கே உரித்தென்று கொள்ளலாகாது என்றும் அத்தீர்ப்பு மொழிந்தது. ஆற்றின் சூழலைக் காத்தற்கென 10 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டமையும் நோக்கத்தக்கது. மீனும் புள்ளும் கரைமரமும் உயிர்களே. அவையும் இறைவனிடத்து நீர் பெறும் உரிமையுடையன.

தமிழ்நாட்டின் பங்கிற் குறைத்த பதினான்கே முக்கால் டி.எம்.சி.யுள் நாலே முக்கால் பெங்களூர் மக்களின் குடிநீர்க்கென்று கூறப்பட்டது. இது நம்மவர்க்கு வருத்தம் தந்தது இயல்பே. அளவு பற்றி மாறுபடுதற்கு இடமுண்டு. ஆயின் குடிநீர் ஏனைய பயன்கட்கு முற்பட்டது என்னும் நெறியை மறுத்தற்கு நமக்கு இடமில்லை; 1987, 2002-ஆம் ஆண்டுகளில் வகுத்த தேசிய நீர்க்கொள்கைகளும் குடிநீரையே முதற்கண் வைத்தன. திருச்சிராப்பள்ளியின் மருங்கே காவிரியில் அமைத்த கிணறுகளினின்று இராமநாதபுரம் சீமைவரை குழாய்வழி குடிநீர் செல்கின்றது. ஆற்றங்கரையில் வாழ்வார் அதனைத் தடுத்து, வறண்ட நாட்டார் வறண்டே கிடக்க என்று கூறின் நாம் ஒப்புவமோ? கீழ்நாட்டார்க்குத் தருக என்று மேல்நாட்டாரிடம் கேட்கும் வாய், தென்னாட்டார் கேட்கும்போது மூடிக்கொள்ளுமாயின் அது நீதியைக் கேட்ட வாயன்று. தன் வயிற்றைக் கேட்ட வாயே.

மழை குறைந்த ஆண்டில் என் செய்வது எனின், நடுவர் மன்றம் கூறிய நெறி பொன்போற் போற்றற்குரியது. குறைந்த ஆண்டில் எல்லார் பங்கும் அவ்வவ் விகிதப்படி குறைதல் வேண்டும் என்பது அது. நிறைவைப் பங்கிடுதல் எளிது. குறைவைப் பங்கிடுதலே ஒத்த உரிமைக்கு உரைகல்லாம்.

ஆனைக்காவில் யானையும் சிலந்தியும் ஒரே பெருமானை வழிபட்டன. யானை காவிரி நீரைத் துதிக்கையில் முகந்து ஆட்டிற்று. சிலந்தி சருகு விழாமல் வலையால் விதானம் அமைத்தது. இரண்டன் நோக்கமும் தூயதே. எனினும் யானை வலையைச் சிதைத்தது, சிலந்தி துதிக்கையுட் புகுந்து கடித்தது, இரண்டும் மாண்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தபின்னும் யானை புக இயலாத மாடக்கோயில்களையே கட்டினான் என்பர். ஒரு பொருளின்மேல் உரிமை உடைய இருவர், மற்றவர்க்கும் உரிமை உண்டென்பதனை மறப்பின் பகை பிறவி கடந்தும் தொடரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? மேற்கரை நாட்டாரும் கீழ்க்கரை நாட்டாரும் ஆனைக்காவிற்கு ஒருங்கே வந்து இவ்வரலாற்றைக் கேட்டல் நலம்.

உரிமையின் மறுபுறம்

ஒத்த உரிமை கூறுவார் ஒத்த கடனையும் கூறுதல் வேண்டும். எல்லார்க்கும் உரிய நீரை எல்லாரும் மாசுபடுத்தலாம் என்பது பொருளன்று. திருச்சிராப்பள்ளி நகரினூடே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் முதலாம் இராசராச சோழனின் சிறப்புப் பெயரைத் தாங்கியது. உய்யக்கொண்டான் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே உய்தி என்னும் சொல்லின் ஆழம் சைவர் நெஞ்சிற் படும். பயிரும் உயிரும் உய்யுமாறு ஓடிய அவ்வாய்க்கால், நகரத்துச் சாக்கடை நீரைச் சுமந்து செல்லுமாறு ஆனது யார் வினை? மேற்கரையில் கழிவைக் கலப்பவன், கீழ்க்கரையில் குடிப்பவனது உரிமையைப் பூட்டின்றியே பூட்டுகின்றான்.

மணலும் அவ்வாறே. படுகை மணலே ஆற்றுநீரை ஊறவைத்துக் கரையிலுள்ள கிணறுகட்கு ஈயும் பண்டாரம். அளவின்றி அதனை அள்ளுவார் இன்றைய கட்டடத்தின் பொருட்டு நாளைய ஊற்றை விற்கின்றனர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்திற் கொள்ளிடத்துப் பழைய பாலம் இடிந்தது. அம்மாதம் 22-ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டன. முன்னோர் கட்டியது என்று ஏத்துதல் மட்டும் அணையைக் காவாது. பங்கிடும் அணையும், பங்கிடும் அறமும் இடையறாது பேணப்படுதல் வேண்டும். இல்லையேல் நீர் மீண்டும் தாழ்ந்த வழியையே நாடும். கடைமடையில் உள்ளான் வறண்ட வயலை நோக்கி நிற்பான்.

மடங்களும் திருக்கோயில்களும் இவ்வகையில் முன்னிற்றற்கு உரியன. தாயுமான அடிகளின் பெயரோடு தொடர்புடைய மௌன மடம் விளங்கும் இந்நகரில் இதனைக் கூறுதல் பொருந்தும். மாகேசுர பூசையும் அன்னம் பாலிப்பும் நம் மரபு. அவ்வீகை ஒரு நாட் பசியைத் தீர்ப்பது. திருக்குளத்திற்கு நீர் வரும் வாய்க்காலை மீட்டுத் தூர்வாருதல், கோயில் நிலத்துக் குடியானவனுக்கு உரிய காலத்தில் உரிய நீர் சேரச் செய்தல், கோடைதோறும் எவரையும் வினவாத பந்தர் வைத்தல், தம் நிலத்து நீரை விலைப்படுத்தாமை, தம் கழிவு ஆற்றிற் சேராமற் காத்தல் என்னும் இவை தலைமுறைப் பசியைத் தீர்ப்பன. ஈகை கொடுப்பானது புண்ணியத்தை நோக்குவது. உரிமையோ பெறுவானது நிமிர்ந்த தலையை நோக்குவது. அப்பூதியடிகளின் பந்தரில் நீர் அருந்தினவன் எவர்க்கும் தலைதாழ்த்தி இரந்து நிற்கவில்லை. வந்தான், பருகினான், சென்றான். இரவாமற் பெறும் நிலையை எல்லார்க்கும் ஆக்குவதே ஈகையின் முதிர்ச்சியாம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், நீர் முதலிய பொதுப்பொருள்கட்கு உடையான் இறைவன் ஒருவனே என்பதும், உயிர்கட்கு உள்ளது பயன்கொள்ளும் உரிமையே என்பதும், உழைப்பால் ஈட்டும் பொருளில் வேற்றுமை பொருந்தினும் உயிர் நிற்றற்கு வேண்டுவனவற்றில் வேற்றுமை பொருந்தாது என்பதும், வினைக்கொள்கை பிறர்க்கு மறுத்தற்குச் சான்றாகாது, நாம் மறவாது செய்தற்கே சான்றாம் என்பதும் பெறப்பட்டன. எனது என்னும் செருக்கு நீங்குதலே மலநீக்கத்தின் தொடக்கம் என்பது நாம் நாள்தோறும் ஓதும் உண்மை. அச்செருக்கை எதில் விடத் தொடங்குவது என்று வினவுவார்க்கு நாம் கூறுவது இது: நீரில் தொடங்குக. ஆக்கியவர் நாமல்லாமையும், அடைத்துவைத்தல் கூடாமையும், ஒருவன் தாகம் மற்றொருவன் தாகம் போன்றதே என்பதும் அங்கேதான் எளிதில் விளங்கும். ஆண்டு விளங்கியது பின்னர் நிலத்திலும் உணவிலும் விளங்கும். நீர்த்திருவுருவாய் எழுந்தருளிய ஆனைக்காவுடைய பெருமான் திருவருள் அவ்விளக்கத்தை யாவர்க்கும் அருளுக.